மலமாதத்தில் ஐந்து நாள்

கோயில் குளத்தின் வடக்குக் கரையில் பூ விற்கும் அம்மாளிடம் அதுவரை நான் பேசியதே இல்லை. பூ வாங்குவது கோமதியின் வேலை. அன்று பிற்பகல் மூன்று மணி வெயிலில் அவர் கூடைக்கு முன்னால் போய் நின்றபோது, என்ன கேட்பது என்று மறந்துபோயிருந்தது.

"இன்னா சார், கட்னதா, உதிரியா?"

"உதிரி. மல்லி மட்டும்."

"எவ்ளோ வோணும்?"

மாமியார் அளவு சொல்லி அனுப்பவில்லை. இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன். இவ்வளவு.

"வீட்ல விசேஷமா?"

"ஆமா" என்றேன். "நல்லா இருக்கட்டும் சார்" என்று சொல்லி இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டு, இலையை மடித்துக் கட்டிக் கொடுத்தார். ஈர இலை. மந்தைவெளி வரைக்கும் நடந்தேன். தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சட்டையின் முன்பக்கம் நனைந்துபோனது.

வீட்டில் என் மாமியார் பழைய வேட்டி ஒன்றை நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தார். கோமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிரசவமாகி நான்காம் நாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. குடிக்கக் குழந்தை இல்லை. மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் சீக்கிரம் வற்றும் என்பது மாமியாருடைய ஊர்ப்பக்கத்து வழக்கம்.

"நீங்க வெளிய இருங்க மாப்ள" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மூன்று நாள் அந்த அறையில் மல்லிகை வாசனை. முதல் நாள் பூ வாசனை. அப்புறம் பூ வெந்த வாசனை.

ஒரு வாசகியின் கேள்வி

தியாகராய நகரில் ஒரு அச்சகத்தின் நாட்காட்டிப் பிரிவில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நினைவிருக்கலாம். கடைகள் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டர்; அதில் ராகுகாலமும் நல்ல நேரமும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பாக இருந்தது. போகிற போக்கில் 'மலமாதம்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டேன்.

அதைப் பிடித்துக்கொண்டு அடையாற்றிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "மலமாதம் என்றால் என்ன? அதில் இருக்கும் மலம் நாம் நினைக்கும் மலம்தானா? மாதத்துக்கு ஏன் இப்படி ஒரு பேர் வைத்தார்கள்?"

நியாயமான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் பதிலை மட்டும் எழுதிவிட்டு நகர என்னால் முடியவில்லை. இரண்டு வாரம் வேறு எதையெதையோ எழுதி அனுப்பினேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

இரண்டு அமாவாசை

முதலில் வாசகிக்குப் பதில்.

சந்திரனை வைத்து எண்ணினால் பன்னிரண்டு மாதத்துக்கு முந்நூற்று ஐம்பத்து நான்கு நாள். சூரியனை வைத்து எண்ணினால் முந்நூற்று அறுபத்தைந்து சொச்சம். வருஷத்துக்குப் பதினொரு நாள் போலத் துண்டு விழுகிறது. அது சேர்ந்துகொண்டே வந்து, மூன்று வருஷம் முடிவதற்குள் ஒரு முழு மாதம் ஆகிவிடும். சந்திரக் கணக்குக்காரர்கள் அப்போது ஒரு மாதத்தை இடையில் செருகுவார்கள். நம் தெலுங்குக்கார அண்டை வீட்டாரிடம் கேட்டால் 'அதிக மாசம்' என்பார்கள். கூடுதல் மாதம், அவ்வளவுதான்.

நமக்கோ சூரிய மாதம். நாம் எதையும் செருகுவதில்லை. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வந்துவிட்டால் அதற்கு மலமாதம் என்று பேர் வைத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிடுகிறோம். மாதத்தில் ஒரு நாள்கூடக் கூடுவதில்லை. பேர் மட்டும்தான் கூடுகிறது.

மலம் என்பதற்கு வடமொழியில் அழுக்கு, கறை என்று பொருள். துணியைத் துவைத்தால் அழுக்கு தனியே பிரிவது போலக் கணக்கிலிருந்து பிரிந்து நிற்கும் மிச்சம் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சைவத்தில் ஆணவம், கன்மம், மாயை மூன்றும் உயிரைப் பிடித்த மலம். அங்கேயும் கறைதான். இதே மாதத்துக்கு 'மலிம்லுசம்' என்று இன்னொரு பழைய பேரும் உண்டு. திருடன் என்று அர்த்தமாம். வருஷத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுவதால் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

வைஷ்ணவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் ஆளுக்கொரு தெய்வம் காவல். இந்தப் பதின்மூன்றாவதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அது அழுதுகொண்டு பெருமாளிடம் போனது. அவர் தன் பேரையே அதற்குக் கொடுத்துப் புருஷோத்தம மாதம் ஆக்கினார். அங்கே அது புண்ணிய மாதம்.

ஒரே மாதத்துக்கு இத்தனை பேர். இவையெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பேர்.

தேவகி

அந்தப் பேரை நான் முதலில் கேட்டது மூன்றாம் வகுப்பில்.

எங்கள் வகுப்பில் தேவகி என்று ஒரு பெண். கிழிந்த பாவாடையைப் பள்ளிக்கூட வாசலில் நின்றே கைத்தையல் போட்டுவிடும் அத்தையோடு வருவாள். அம்மா இல்லை. ஒருநாள் எங்கள் டீச்சரிடம் அந்த அத்தை, "என்ன டீச்சர் செய்யறது, மலமாசத்துல பொறந்தது, பொறந்தவுடனே பெத்தவள முழுங்கிடுச்சு" என்று எங்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

எட்டு வயசுப் பையனுக்கு அந்தச் சொல்லில் எது கேட்கும்? பின்பாதி கேட்காது. முன்பாதிதான் கேட்கும். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்து நின்றபோது, "மலம் வருது, தள்ளுங்கடா" என்று நான் சொன்னேன். நான்தான் முதலில் சொன்னது. பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை அவள் அந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கவில்லை. வகுப்பில் அவளுடைய நிஜப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அப்புறம் அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் தமிழ் படித்து, சொற்களோடு வாழ்கிறவன் ஆனேன்.

ஆவணி இருபத்தேழு

கோமதியின் குடும்பம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்தவர்கள். அவள் தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்த்தாள். தினமும் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறுவாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் உண்டானாள். எட்டு மாதம் வரை ரயிலில்தான் போனாள். கூட்டத்தில் யாராவது இடம் கொடுத்தால் அன்று சாயந்திரம் வந்து அவர்களைப் பற்றிச் சொல்லுவாள்.

அந்த வருஷம் ஆவணி முதல் தேதியே அமாவாசை. முப்பத்தோராம் தேதி மறுபடியும் அமாவாசை. கல்யாணக் களை கட்டவேண்டிய மாதத்தில் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. ஆவணித் தாள்களைப் பிழை திருத்தியதே நான்தான். ஒவ்வொரு தாளிலும் முகூர்த்தம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடையாற்றில் கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தபடி இருக்கிறது, அறுவை செய்துதான் எடுக்கவேண்டும் என்றார். "புதன்கிழமை வச்சுக்கலாம்" என்றார். கோமதி தலையாட்டினாள். நான் மனசுக்குள் தாளைப் புரட்டினேன். புதன்கிழமை, ஆவணி இருபத்தேழு.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. இது இன்னும் மோசம். நம்பிக்கை இருந்திருந்தால் யாரையாவது போய்க் கேட்டிருப்பேன். என் தலைக்குள் இருந்தது அந்தச் சொல் மட்டும்தான். என்றைக்காவது ஒருநாள், எங்கோ ஒரு கல்யாண வீட்டில், எவளோ ஒரு கிழவி என் குழந்தையைப் பார்த்து 'மலமாசத்துல பொறந்தது' என்று சொல்வாள். அதைக் கேட்கும் இன்னொரு குழந்தை குழாயடிக்குப் போய்ச் சொல்லும். அப்படித்தான் எனக்கு ஓடியது.

என் மாமியாரோ, கோமதியோ, என் பக்கத்து உறவினரோ ஒருவர்கூட அந்தச் சொல்லை எடுக்கவில்லை. அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

தாழ்வாரத்தில்

கோமதி எடை பார்க்கப் போயிருந்தபோது நான் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேசினேன். தாழ்வாரத்தில் நின்றுகொண்டுதான்.

"திங்கக்கிழமை வச்சுக்க முடியுமா டாக்டர்? அன்னைக்குப் புரட்டாசி பொறக்குது."

"நாள் பார்க்கிறீங்களா?"

"அஞ்சு நாள்தான டாக்டர்."

அவர் கையிலிருந்த ஸ்கேன் தாளை மறுபடியும் பார்த்தார். "சார், முப்பத்தெட்டு வாரம் தாண்டிடுச்சு. தண்ணி கொஞ்சம் கொறைவா இருக்கு. இப்போ ஒண்ணும் ஆபத்துன்னு சொல்லல. ஆனா நான்னா காத்திருக்க மாட்டேன்."

"வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றேன். இல்லாத பெரியவர்கள்.

"அப்படின்னா நீங்களே கேட்டுக்கிட்டதா எழுதிக் குடுத்துடுங்க. அசைவு கொறைஞ்சா ஒரு நிமிஷம்கூட நிக்காம வரணும். அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

நர்ஸ் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். சிகிச்சை நாளை ஐந்து நாட்கள் தள்ளிப்போடுமாறு கேட்டுக்கொள்வதாகவும், அதனால் வரும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு என்றும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது 'தள்ளிபோடுமாறு' என்று இருந்தது. ஒற்று விட்டுப்போயிருந்தது. இடையில் 'ப்' என்று நுழைத்து, அழகாக இல்லை என்று தோன்றவே, இன்னொரு தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து எழுதிக் கொடுத்தேன்.

கோமதி வந்ததும், "திங்கக்கிழமைக்கு மாத்திட்டாங்க" என்றேன்.

"ஏன்?"

"அஞ்சு நாள்ல குழந்த தானா திரும்பினாலும் திரும்பலாமாம். ஆபரேஷனே வேண்டியிருக்காதாம்."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. ஆட்டோவில் வரும்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "திரும்பிடு என்ன" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அசைவைப் பார்க்கச் சொன்னதை நான் சொன்னேன். ஆனால் டாக்டரம்மா சொன்ன குரலில் சொல்லவில்லை.

ஆவணி இருபத்தொன்பது

வெள்ளிக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றாள்.

"என்னங்க, இன்னைக்கு அசையவே இல்லையே."

"தூங்குதோ என்னவோ. இனிப்பா ஏதாவது சாப்பிட்டுப் பாரு."

சர்க்கரை போட்டுப் பால் குடித்தாள். இடதுபக்கமாகப் படுத்தாள். அரை மணி நேரம் கழித்து, "லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். அது நிஜமா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று நாள்தானே என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தேன். பதினொரு மணிக்கு அவளே புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க வரலேன்னாலும் நான் போறேன்."

ஆட்டோவில் ஏறினோம். ஆற்றுப் பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "வலி எடுத்துக்கிச்சா சார்? பயப்படாதம்மா, பூட்லாம்" என்று சொல்லி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே போனார்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மாவே வந்து கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதுவரை எங்களுக்கும் தெரியும்படி இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கோமதி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி அறுவை எதற்கு, மருந்து கொடுத்து வலி வரவழைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உயிரில்லாத குழந்தைக்காக அவள் அத்தனை வலியையும் பட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் ஒரு குழந்தை பிறந்து, அதன் தாத்தா எனக்கும் சாக்லேட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பிறந்தாள். பெண். தலை நிறைய முடி. பார்க்க வேண்டாம் என்று மாமியார் எவ்வளவோ தடுத்தார். "குடுங்க" என்று கேட்டு வாங்கி, கோமதி நெடுநேரம் மடியில் வைத்திருந்தாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

ஆவணி முப்பது. மலமாதம் முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

உப்பு

அன்று சாயந்திரமே நான் ஒருவனாகத்தான் மயானத்துக்கு எடுத்துப்போனேன். துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர் முழங்கால் ஆழத்துக்கு மேல் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தார்.

"உப்பு வாங்கியாந்தியா சார்?"

"உப்பா? யாரும் சொல்லலியே."

"பரவால்ல, நம்மகிட்ட கீது." கொட்டகைக்குள் போய் ஒரு பொட்டலம் கல்லுப்பு எடுத்து வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். "கொயந்தய குடு. நீ அந்தாண்ட திரும்பிக்கோ சார். மண்ணு போடறத பாக்காத."

திரும்பிக்கொண்டேன். ஈர மண் விழும் சத்தம் மெத்தென்று கேட்டது. சின்னக் குழந்தைகளுக்குக் காரியம் எதுவும் கிடையாது, பதினாறு கிடையாது, வருஷத் திதி கிடையாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அத்தோட விட்ரணும் சார். வூட்டுக்குப் போய் தலக்கி குளி."

ஒரு போன்

மூன்று மாதம் கழித்து, அடுத்த வருஷக் காலண்டர் வேலை மும்முரமாக இருந்தபோது, எங்களுக்குப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுக்கும் ஏகாம்பரம் அலுவலகத்துக்கு வந்தார். மந்தைவெளியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். திதி நேரத்தில் சந்தேகம் என்றால் வாரத்துக்கு நாலு தடவையாவது அவருக்குப் போன் போடுவேன். துக்கம் விசாரித்தார். அப்போது கேட்டேன்.

"மலமாசத்துல குழந்த பொறந்தா தோஷமா ஏகாம்பரம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பொறப்புக்கும் சாவுக்கும் ஏதுங்க மலமாசம்? நாமளா நாள் குறிச்சுச் செய்யற காரியத்த அதுல செய்ய வேண்டாம்னு வச்சிருக்காங்க. தானா வர்றத யாரு நிறுத்த முடியும்?"

"ஆபரேஷன் பண்ணி எடுத்தா? அது நாள் குறிக்கறதுதான?"

"எப்படி எடுத்தாலும் அது பொறப்புதாங்க. அதுக்கு ஜாதகம் எழுதறோம், அவ்வளவுதான். தோஷம்னு எந்தச் சாஸ்திரத்துலயும் நான் பார்த்தது இல்ல. சில ஊர்ல விசேஷம்னுகூடச் சொல்லுவாங்க." அதற்குள் அவருக்கு என்னவோ புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்."

நாளைத் தள்ளிவைத்த அந்த ஆவணி வாரம் அவரிடம் நான் மூன்று தடவை போனில் பேசியிருந்தேன். அடுத்த வருஷக் கார்த்திகைத் தாளில் ஒரு நட்சத்திரம் எத்தனை நாழிகை வரைக்கும் என்பதற்காக.

டாக்டரம்மா ஒருமுறை சொன்னார்: புதன்கிழமையே எடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலது எப்படியும் நடந்துவிடும் என்று. ஆறுதலுக்குச் சொன்னதாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் செய்தவன் நான்.

நாட்காட்டிப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிப் பாடப்புத்தகப் பிரிவுக்குப் போனேன். எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. டாக்டர்களைப் பார்த்தோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். கோமதி மறுபடி ரயிலேறித் தரமணிக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் நாங்கள் சண்டை போட்டதில்லை. அந்தப் பேச்சையும் எடுத்ததில்லை. வெள்ளைத்தாளில் நான் எழுதிக் கொடுத்ததை அவளிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஆவணியில் நினைப்பேன். புரட்டாசி வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதுவரைக்கும் எழுதியதை அவளிடம் கொடுத்தேன். ஊரெல்லாம் படித்த பிறகு அவள் படிப்பது சரியில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசித் தாளையும் கவிழ்த்து வைத்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள்.

"என்ன?"

"ஆஸ்பத்திரிலேருந்து கௌம்புற அன்னைக்கு. நீங்க ஆட்டோ கூப்பிடப் போயிருந்தீங்க. 'ஒங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரும்மா, ஒங்களுக்குத் தெரியும்ல'ன்னு கேட்டாங்க. தெரியும்னு சொன்னேன்."

"இத்தன வருஷமா ஏன் கோமதி எங்கிட்ட கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொத வருஷம் தெனமும் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு. அப்புறம் விட்டுட்டேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தத் தேவகிங்கிற பொண்ணப் பத்தியும் இப்பத்தான் சொல்றீங்க."

தாள்களைச் சேர்த்துத் தட்டி நேராக்கினாள். மறுபடியும் மேல் தாளைப் பார்த்தாள்.

"எல்லா எடத்துலயும் கொழந்த, கொழந்தன்னே எழுதிருக்கீங்க. அவளுக்குப் பேரு இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"மடில வச்சிருந்தேன்ல. அப்ப வச்சேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"என்ன பேரு?"

"இதுல போடுறதுக்குக் கேக்குறீங்களா?"

"இல்ல. எனக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வெளியே கொடியில் துணி கிடந்தது. எழுந்து போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அப்படியே அனுப்பிடுங்க" என்றாள். "கொழந்தன்னே இருக்கட்டும்."

அனுப்பிவிட்டேன்.